இடது சக்கரத்தில் இருந்த பெயர்

டாக்டர் வேதமுத்துவின் ஃபோர்டு கார் ஐந்து வருஷமாகச் சாத்தூரில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் கிடந்தது. 1962-ம் வருஷம் பங்குனியில் அதன் முன்பக்கத்தை ஒரு மாட்டுவண்டியின் மேல் தூக்கிக் கட்டி, பின்சக்கரங்கள் தரையில் உருள, விருதுநகருக்கு இழுத்து வந்தார்கள். உக்கிரபாண்டியின் மோட்டார் பட்டறை வாசலில் வண்டி நின்றதும் வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்து சூழ்ந்துகொண்டார்கள். அங்கே மெக்கானிக்காக இருந்த ராஜசிங் மட்டும் தள்ளி நின்று பார்த்தான். முன்னால் இடதுபக்கம் சப்பிப் போயிருந்தது. அந்தப் பக்கம்தான் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

விபத்து நடந்த கதை அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு டாக்டரும் அவர் மனைவி இசபெல் அம்மாளும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாத்தூர் தாண்டி, வளைவே இல்லாத ரோட்டில், கார் திடீரென்று இடப்பக்கம் இழுத்துப் புளியமரத்தில் போய் மோதியது. டாக்டர் அங்கேயே இறந்துவிட்டார். ஓட்டி வந்த நாகையா தூங்கிவிட்டான் என்று தீர்ப்பானது. ஒன்றரை வருஷம் ஜெயில். லைசென்சும் போயிற்று.

ராஜசிங்குக்கு அது வெறும் ஊர்ச்செய்தி இல்லை. அவன் மனைவி ஞானஜோதி டாக்டரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் தகப்பன் இல்லாத அவளைப் படிக்க வைத்தவர் டாக்டர்தான். அவர் படம் அவர்கள் வீட்டுச் சுவரில், இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கியது.

இப்போது டாக்டரின் மகன் நேசகுமார் படிப்பை முடித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரியை ஏற்றிருந்தான். அப்பாவின் காரை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதிலும் ஒரு நிபந்தனை வைத்தான். போடுகிற ஒவ்வொரு சாமானிலும் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபோர்டு வண்டியில் பெரிய சாமான் முதல் போல்ட்டுத் தலைவரை அந்தப் பெயர் சாய்வெழுத்தில் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோய், பெயர் இல்லாத உள்ளூர் நகல்கள் கடைகளில் குவிந்துகிடந்த நேரம் அது.

"பேர் இல்லாததைக் கழற்றிப் போட்டுடுங்க. எங்கே கிடைச்சாலும் நான் வாங்கித் தரேன்," என்றான் நேசகுமார்.

வேலை ராஜசிங் கையில் வந்தது. சாமான்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெயர் இருப்பதை ஒருபக்கமும் இல்லாததை மறுபக்கமும் சாக்கில் பரப்பினான். சாயங்காலங்களில் நேசகுமார் வந்து குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்ப்பான். பெயர் தென்பட்டதும் முகம் மலரும்.

இடது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் இரண்டு துண்டாக உடைந்திருந்தது. கோர்ட்டில் வைத்திருந்து, கேஸ் முடிந்தபிறகு காருக்குள்ளேயே போட்டுவிட்டிருந்தார்கள். ராஜசிங் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதே நேசகுமார் கை நீட்டி வாங்கிவிட்டான்.

"இதிலேயும் இருக்கு பாருங்க. சாகுறதுக்கு முந்தின வருஷம் மதுரையில ஒரிஜினல் கேட்டு வாங்கி மாட்டினாங்க அப்பா. கம்பெனிச் சாமான், அதுவும் புதுசு, தானா உடையாது, மரத்துல மோதினதாலதான் உடைஞ்சதுன்னு வண்டியைச் சோதிச்ச பிரேக் இன்ஸ்பெக்டர் சாட்சி சொன்னார். அதை வெச்சுத்தான் அந்தத் தூங்குமூஞ்சி பொய் சொல்றான்னு தெரிஞ்சுது. ஸ்டியரிங் கையில நிக்கலைன்னு சாதிச்சான்ல?"

அவன் திருப்பிக் கொடுத்ததை ராஜசிங் வாங்கிக்கொண்டான். சாய்வெழுத்தில் பெயர் இருந்தது. முதல் எழுத்தின் வால் நுனியில் மயிரிழை போல ஒரு பிளவும் இருந்தது.

"ஒடைஞ்சது எதுக்கு? எடைக்குப் போட்டுரு," என்றார் உக்கிரபாண்டி.

"சரி அண்ணாச்சி," என்றான் ராஜசிங்.

*

அந்தப் பிளவு அவன் கையால் விழுந்தது.

கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருஷம் அவன் மதுரையில் ஒரு மோட்டார் சாமான் கடையில் வேலை பார்த்தான். கடைக்காரர் ஒருநாள் ஒரு போல்ட்டைக் கொடுத்து, இதிலிருக்கிற பெயரை இரும்பில் அடித்துப் பதிக்க ஒரு அச்சுப் பஞ்ச் வெட்ட முடியுமா என்று கேட்டார். எஃகுத் துண்டில் எழுத்தைத் திருப்பிப்போட்டு, ஊசி அரத்தால் நாள்கணக்கில் உட்கார்ந்து வெட்டினான் ராஜசிங். கடைசியில் அரம் ஒருமுறை வழுக்கியதில் வால் நுனி பிளந்துகொண்டது. "எவன் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறான்?" என்று கடைக்காரர் முதுகில் தட்டினார். அதன்பிறகு சாக்கு சாக்காகச் சாமான்கள் வந்தன. அவன் அந்த அச்சுப் பஞ்சை வைத்து ஓங்கி ஓர் அடி. பெயர் விழுந்ததும் விலை ஏறும்.

எல்லாரும் செய்கிற வியாபாரம்தானே என்று நினைத்துக்கொண்டான். ஆனால் ஒருநாள் ஒரு ஸ்டப் ஆக்ஸில் கைதவறித் தரையில் விழுந்து, அதன் காது ஓட்டுச்சில்லு மாதிரி உடைந்து போனது. எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்க வேண்டிய சாமானை வெறும் வார்ப்பில் ஊற்றியிருக்கிறார்கள் என்று அப்போதே அவனுக்குப் புரிந்தது. கடைக்காரர் சிரித்தபடி உடைந்ததை மட்டும் எடுத்துப் போட்டார். ராஜசிங் அடுத்ததை எடுத்து வைத்துப் பெயரை அடித்தான். கல்யாணம் நிச்சயமாகி ஊருக்கு வரும்வரை அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

நேசகுமார் வந்துபோன மறுநாள் மத்தியானம், பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, தன் கருவிப் பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடந்த அந்த அச்சுப் பஞ்சை எடுத்தான். நல்ல எஃகு என்று தூக்கி எறியாமல் வைத்திருந்தான். உடைந்த துண்டிலிருந்த பெயரின் மேல் அதை வைத்து மெல்லத் திருப்பினான். 'டக்' என்று உட்கார்ந்தது. அசைத்தான். அசையவில்லை.

உடைந்த முகத்தின் துருவைச் சுரண்டிப் பார்த்தான். உள்ளே கருப்பட்டியை உடைத்தது போல மணல் மணலாக இருந்தது.

நாகையா ஜெயிலுக்குப் போனது இந்த வார்ப்பால்கூட இல்லை. இதன் மேல் இருந்த பெயரால்.

*

இரும்பு எடைக்கு எடுப்பவன் வந்தபோது உடைந்த துண்டுகளைக் காணவில்லை. உக்கிரபாண்டி தேடினார். சாயங்காலம் ராஜசிங் தூக்குச்சட்டிப் பையை எடுத்தபோது அது கனமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். இரண்டு துண்டும் கீழே விழுந்தன.

"ஏலே, பழைய இரும்பத் திருடுற அளவுக்கா வந்துட்ட? எங்கிட்ட கேட்டாக் குடுக்க மாட்டனா?"

திருடன் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் ராஜசிங்குக்குத் தோன்றியது. வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கலைந்ததும், "அண்ணாச்சி, இதுல இருக்க பேரு நான் அடிச்சது," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

உக்கிரபாண்டி வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. டாக்டர் செத்தாச்சு. அவனும் ஜெயிலுக்குப் போயி வந்தாச்சு. இப்ப நீ வாயத் தொறந்தா யாருக்கு என்ன? போலீசுக்காரன் ஒன்னையக் கொண்டுபோயி உள்ள வைப்பான். ஏம் பட்டறையில போலிச் சாமான் அடிக்கிறவன் இருந்தான்னு ஒரு பய வண்டி விட மாட்டான். போற வழியில ஏதாவது கெணத்துல போட்டுட்டுப் போ."

"கெணத்துல போட்டா?"

"போட்டா முடிஞ்சுது. போடலேன்னா நாளைக்கி இங்கன வராத."

பையை எடுத்துக்கொண்டு நடந்தான். வழியில் கிணறுகள் இருந்தன. ஒன்றின் கைப்பிடிச் சுவரில் பையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். தண்ணீர் எடுக்க ஒரு பெண் வருவதைப் பார்த்ததும், அதைச் சாக்காக வைத்து அங்கிருந்து நகர்ந்தான்.

வீட்டில் ஞானஜோதியிடம் சொல்லும்போது சுவரிலிருந்த படத்தைப் பார்க்காமலே சொன்னான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, பானையை நிமிர்த்தாமல் அப்படியே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வடிந்து தீர்ந்தபின்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவுக ஒடம்பத் தொடச்சு, துணி மாத்திவிட்டது நானு," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"ஒண்ணும் தெரியாது ஒங்களுக்கு." அவள் குரல் உடைந்தது. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின், "டாக்டரம்மாட்டப் போறதுக்கு முன்னால அந்த நாகையாட்டப் போங்க. செத்தவுகளுக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாது. அவன் உசுரோட இருக்கான்ல," என்றாள்.

அன்றிலிருந்து வெகுநாள் அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

*

நாகையா அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மூட்டை சுமந்தான். லைசென்ஸ் போனவனுக்கு யாரும் வண்டி தரவில்லை. அவன் மனைவி மாரித்தாயும் அங்கேயே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினாள்.

கம்பெனி வாசலில் காவலாளி ராஜசிங்கின் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறினான்.

"என்னய்யா இது, இரும்பு? உள்ள மருந்துக் கலவை நடக்குது. ஒரு பொறி பட்டா அம்புட்டு சனமும் போயிரும். அந்தப் புளியமரத்துக்கிட்ட கொண்டுபோயி வையி. போ, போ!"

ராஜசிங் மரத்தடிக்குப் போய்க் காத்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் நாகையா வந்தான். நாற்பதைத் தொடாத ஆள், முதுகு வளைந்திருந்தது. பின்னாலேயே மாரித்தாயும் தூக்குவாளியோடு வந்தாள். அவனைத் தேடி யாராவது வந்தால் அவளுக்குப் பயம்.

ராஜசிங் சுற்றி வளைக்காமல் சொன்னான். துண்டுகளை எடுத்து வைத்து, உடைந்த முகத்தைக் காட்டினான். பஞ்சைப் பெயரில் பொருத்தியும் காட்டினான். சொல்லி முடித்துவிட்டு, அடி விழும் என்று எதிர்பார்த்து நின்றான்.

நாகையா அந்த இரும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் தூங்கலையா?" என்று கேட்டான்.

ராஜசிங்குக்குப் புரியவில்லை.

"இல்ல... நான் தூங்கலேன்னுதான் மொதல்ல சொன்னேன். ஸ்டியரிங்கு கையில நிக்கல, சக்கரம் கழண்டு ஓடுச்சுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. ஜெயில்ல படுத்துக்கெடந்து யோசிச்சு யோசிச்சு, தூங்கித்தான் இருப்போமோன்னு எனக்கே ஆயிப்போச்சு. டாக்டரய்யாவக் கொன்னுட்டோம்னு..." அவன் நிறுத்தி, மறுபடியும் கேட்டான். "தூங்கலையில்ல?"

"நீ தூங்கலப்பா."

நாகையா தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. மாரித்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு ராஜசிங்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எம் பெரிய மகன் நல்லாப் படிச்சான். இவரு உள்ள போனதும் நிப்பாட்டி, தீப்பெட்டி ஒட்ட விட்டேன். நீ பேரு அடிச்சியே, எம் புள்ளைக்கு என்ன பேரு தெரியுமா? கொலகாரன் மகன்." மூச்சு வாங்கினாள். "டாக்டரம்மாட்டச் சொல்லுவியா? இல்ல, எங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருவியா?"

"சொல்லத்தான் போறேன்."

"நான் கூட வாரேன். நீ பாதி வழியில ஓடிட்டா?"

நாகையா வரவில்லை. அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

*

டாக்டரம்மா என்று ஊர் அழைத்த இசபெல் அம்மாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விபத்தில் இடுப்பு ஒடிந்ததால் கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார். மாரித்தாயை அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"இவ எதுக்கு வந்திருக்கா?"

ராஜசிங் சொல்லத் தொடங்கினான். பாதியிலேயே நேசகுமார் எழுந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். "எங்கப்பாவைக் கொன்னவன் நீயா? என் கண்ணு முன்னாலயே அதைத் தேய்ச்சுக் கையில குடுத்தியே!"

"விடு, நேசம்," என்றார் இசபெல் அம்மாள்.

"அம்மா, இவன்..."

"விடுன்னு சொல்றேன். சொல்லி முடிக்கட்டும்."

ராஜசிங் முடித்தான். வாசல்படிக்கு வெளியே ஒரு தகரத் துண்டை வைத்து, அதன் மேல் பஞ்சை நிறுத்தி ஓங்கி அடித்து, விழுந்த பெயரையும் உடைந்த துண்டையும் அவர் முன்னால் வைத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நேசகுமார் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். இரண்டின் வாலிலும் இருந்த பிளவை விரலால் தொட்டுப் பார்த்தான்.

மாரித்தாய் முற்றத்திலிருந்து கேட்டாள். "அம்மா, இவரு சொன்னது இருக்கட்டும். ஏம் புருசன் தலை சாஞ்சதக் கண்ணால பாத்தேன்னு கோர்ட்டுல நீங்க சொன்னீகளே. அது எப்படி?"

இசபெல் அம்மாள் கைத்தடியின் பிடியை இறுக்கினார், தளர்த்தினார்.

"அம்மா?" என்றான் நேசகுமார்.

"நான் பார்க்கலை," என்றார் அவர். "பின்சீட்டில நான்தான் தூங்கிக்கிட்டிருந்தேன். முழிச்சபோது மரம் எதிரே இருந்தது. நல்லா இருந்த வண்டி, வேற எப்படிப் போய் மோதும்? அவன் தூங்கித்தான் இருக்கணும்னு நினைச்சேன். நினைச்சதைப் பார்த்தேன்னு சொல்லிட்டேன்."

நேசகுமார் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இசபெல் அம்மாள் எழுந்து, தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக முற்றத்துக்கு இறங்கினார். மாரித்தாய் பின்னால் நகரவில்லை. இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"உன் வீட்டுக்கு நான் வரலாமா?" என்று கேட்டார் இசபெல் அம்மாள்.

"வாங்க. அவரு பேசுவாரான்னு தெரியாது," என்றாள் மாரித்தாய்.

*

நேசகுமார் போலீசில் புகார் கொடுத்தான். மதுரையில் கேஸ் நடந்தது. ராஜசிங் எதையும் மறுக்கவில்லை. கடைக்காரர் மட்டும் இவன் யாரென்றே தெரியாது என்று சாதித்து, சாட்சி இல்லாமல் தப்பித்துக்கொண்டார். ராஜசிங் சில மாதங்கள் ஜெயிலில் இருந்தான். ஞானஜோதி மாதம் ஒருமுறை பார்க்கப் போனாள். பேச்சு குறைவு. கொண்டுபோன பலகாரத்தை அவன் தின்று முடிக்கும்வரை நிற்பாள்.

இசபெல் அம்மாள் தான் கோர்ட்டில் சொன்னது தவறு என்று மாஜிஸ்திரேட் முன்னால் எழுதிக் கொடுத்தார். ஊரில் அவரைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். சர்ச்சில் முன்வரிசையில் உட்காருவதை அவராகவே நிறுத்திக்கொண்டார். நாகையா அனுபவித்த தண்டனையை யாரால் திருப்பித் தர முடியும்? அலைந்து திரிந்து லைசென்ஸ் மட்டும் மறுபடி கிடைத்தது. ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டச் சொல்லி நேசகுமாரே வந்து கூப்பிட்டான். நாகையா மறுத்துவிட்டு, சிவகாசியில் தீப்பெட்டி லோடு அடிக்கும் லாரியில் ஏறினான்.

ஃபோர்டு கார் உக்கிரபாண்டியின் பட்டறையில் பிரித்தபடியே கிடந்து, ஒருநாள் எடைக்குப் போனது.

ராஜசிங் வெளியே வந்தபோது எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. சிவகாசியில் அச்சாபீஸ் மிஷின்களைப் பழுது பார்த்துப் பிழைத்தான். ஆனால் அவனை அரித்தது வேறு ஒன்று. சாக்கு சாக்காக அவன் பெயர் அடித்த சாமான்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மதுரை, கோவில்பட்டி, ராஜபாளையம் என்று ஏதாவது ஓர் ஊருக்குப் பஸ் ஏறுவான். வாடகைக் கார் நிற்கும் இடங்களில், "அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு அடியில ஒரு நிமிசம் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்பான். பைத்தியம் என்று விரட்டியவர்கள் அதிகம். திருட வந்தவன் என்று கோவில்பட்டியில் அடித்தும் இருக்கிறார்கள். சிலர் விட்டார்கள். சிலவற்றைக் கண்டுபிடித்தான். சொன்னதைக் கேட்டு மாற்றியவர்களும் உண்டு, சிரித்துவிட்டு அப்படியே ஓட்டிப் போனவர்களும் உண்டு. அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு அவன் ரோட்டில் நிற்பான். எல்லாவற்றையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

1966-ல், தீபாவளி சீசனுக்கு முன்னால், ஒரு காலையில் அவன் வீட்டு வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. நாகையா இறங்கினான். மெட்ராசுக்கு லோடு ஏற்றியிருந்தான். கதவைத் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றான்.

ஞானஜோதி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "போங்க. ஒங்களுக்குத்தான் வந்திருக்கான்," என்றாள்.

ராஜசிங் ஒரு சாக்கை விரித்து லாரிக்கு அடியில் ஊர்ந்து போனான். முன்சக்கர ஆக்ஸில்களை இரண்டு பக்கமும் தொட்டுத் தடவி, மண்ணைத் துடைத்து, நிதானமாகப் பார்த்தான். வெளியே வந்து, "நல்லா இருக்கு. போலாம்," என்றான்.

நாகையா தலையசைத்தான். வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

அதன்பிறகு தூரத்து லோடு கிடைத்தபோதெல்லாம் அவன் வந்தான். வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. ஞானஜோதி காப்பியை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். அதை மட்டும் வாங்கிக் குடித்தான்.